அரிஷ்டம், என்சைம், மோர்: புளித்த மூலிகை குடலுக்குள் என்ன செய்கிறது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலோ பினாங்கு லெபோ பசாரிலோ ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், "வயிறு மந்தமாவே இருக்கு, ஏதாச்சும் கொடுங்கண்ணே" என்று கேட்டால், பழுப்பு நிறப் புட்டி ஒன்று மேசைக்கு வரும். அபயாரிஷ்டமாக இருக்கும், இல்லையென்றால் ஜீரகாரிஷ்டம். அதே வாரம் பக்கத்து வீட்டு அக்கா தாம் சர்க்கரை நீரில் புளிக்கவைத்த அன்னாசி என்சைமை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றித் தருவார். வீட்டில் அம்மா மோரைக் குடி என்பார். மூவரும் சொல்லும் காரணம் ஒன்றே: புளிக்கவைத்தது, நல்ல கிருமி இருக்கிறது, குடலுக்கு நல்லது.

அந்தக் காரணம் மோருக்குப் பொருந்தும். அரிஷ்டத்தில் உயிருள்ள கிருமி கிட்டத்தட்ட இல்லை; அது வேறு வழியில் வேலை செய்கிறது. என்சைம் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று அதைப் போட்டவராலேயே சொல்ல முடியாது. மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் சர்க்கரை நோயுள்ளவர் இரண்டு வேளையும் வெல்லப்பாகு குடிக்கிறார். சிறுநீரகம் பலவீனமானவர் நோனிப் பழச் சாற்றை நம்புகிறார். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

அரிஷ்டமும் ஆசவமும்

இரண்டும் மூலிகையை வெல்லத்தோடும், சிலவற்றில் தேனோடும் நொதிக்கவைத்து எடுப்பவை. மூலிகையைக் காய்ச்சிக் கஷாயமாக்கி, ஆறிய பிறகு நொதிக்கவைத்தால் அரிஷ்டம். காய்ச்சாமல் பச்சைத் தண்ணீரிலோ சாற்றிலோ ஊறவைத்து நொதிக்கவைத்தால் ஆசவம். கடுக்காய், வேர், பட்டை போன்ற கெட்டியான சரக்குகள் அரிஷ்டமாகின்றன. வாசனை எண்ணெய் உள்ளவையும், சூடு பட்டால் குணம் போய்விடும் என்று கருதப்பட்டவையும் ஆசவமாகின்றன. கற்றாழைச் சாற்றில் செய்யும் குமாரியாசவம் இந்த இரண்டாம் வகை.

நூலில் அளவு சொல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்குச் சார்ங்கதர சம்ஹிதை ஒரு பொது விதி தருகிறது: ஒரு துரோணம் திரவத்துக்கு ஒரு துலாம் வெல்லம், வெல்லத்தில் பாதி தேன், வெல்லத்தில் பத்தில் ஒரு பங்கு மேற்பொடி. இந்திய ஆயுர்வேத மருந்துத் தொகுப்பின் கணக்கில் துரோணம் 12.288 லிட்டர், துலாம் 4.8 கிலோ. ஒரு லிட்டர் கஷாயத்துக்கு இறக்கிப் பார்த்தால் வெல்லம் சுமார் 390 கிராம், தேன் 195 கிராம், பொடி 39 கிராம். இங்கே ஒரு பழைய குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆயுர்வேதக் கணக்கில் ஒரு பலம் 48 கிராம்; சித்த மருத்துவக் கணக்கில் 35 கிராம். சித்த நூலின் செய்முறையை ஆயுர்வேதப் பலத்தில் நிறுத்தால் ஒவ்வொரு சரக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். பேதிச் சரக்கு சேர்ந்த மருந்தில் இது சின்னப் பிழை இல்லை.

அபயாரிஷ்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு துலாம் கடுக்காய், அரைத் துலாம் உலர்ந்த திராட்சை, வாய்விடங்கமும் இலுப்பைப் பூவும் பத்துப் பலம் வீதம். நான்கு துரோணம் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, நான்கில் ஒன்றாக வற்றவைத்து வடிகட்ட வேண்டும். நன்றாக ஆறிய பிறகு ஒரு துலாம் வெல்லத்தைக் கரைத்து, நெருஞ்சில், சிவதை வேர், கொத்தமல்லி விதை, காட்டாத்திப் பூ, பேய்க்குமட்டி, செவ்வியம், பெருஞ்சீரகம், சுக்கு, நாகதந்தி, இலவம் பிசின் ஆகியவற்றில் இரண்டிரண்டு பலம் பொடித்துச் சேர்த்து, வாயை மூடி ஒரு மாதம் வைக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் மூன்று பெயர்களைக் கவனிக்க வேண்டும்: சிவதை, பேய்க்குமட்டி, நாகதந்தி. மூன்றும் குடலை எரிச்சலூட்டிப் பேதியாக்கும் சரக்குகள். அபயாரிஷ்டம் குடித்த மறுநாள் வயிறு லேசாகிறது என்றால் அதற்குப் பெரிதும் காரணம் இவைதான், கடுக்காயும் கைகொடுக்கிறது. குடலில் நல்ல கிருமி பெருகியதால் வந்த பலன் அது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதக்கணக்கில் ஊட்டச்சத்துப் பானம்போல் குடித்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

சாடிக்குள் நடப்பது

காட்டாத்திப் பூவைத் தாதகிப் பூ என்றும் சொல்வார்கள். கடையில் காய்ந்த செந்நிறப் பூவாகக் கிடைக்கும். மணமோ சுவையோ பெரிதாக இல்லை, ஆனாலும் ஏறக்குறைய எல்லா அரிஷ்டத்திலும் இருக்கிறது. பூவின் தேனில் காட்டு ஈஸ்ட் ஒட்டியிருக்கும். துவர்ப்பும் நிறையவே உண்டு. ஈஸ்ட் வெல்லத்திலிருந்தும் திராட்சைத் தோலிலிருந்தும்கூட வரும். இன்றைய தொழிற்சாலைகள் சிலவற்றில் தனியாக வளர்த்த ஈஸ்டையே சேர்த்துவிடுகிறார்கள்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுசாரத்தையும் (ஆல்கஹால்) கரியமில வாயுவையும் விடுகிறது. தயாரான அரிஷ்டத்தில் மதுசாரம் பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு இருக்கும். 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் அரிஷ்டம் உருவாகும்போது வெளியேறும் வாயு 30 லிட்டருக்கு மேல். இந்த ஒரு கணக்கு தெரிந்தாலே போதும், மூடியை இறுக்கித் திருகிய கண்ணாடிப் போத்தல் ஏன் நள்ளிரவில் வெடிக்கிறது என்பது புரிந்துவிடும். பழைய முறையில் சாடியின் வாயில் மண் பூசிய துணியைச் சுற்றிச் சீலைமண் செய்தார்கள் என்பதைப் படித்துவிட்டு, காற்றே புகாமல் அடைக்க வேண்டும் போலிருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மண் சாடியும் துணியும் வாயுவைக் கசியவிடும். ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி சாடி விடாது.

நொதிப்பு முடிந்ததா என்று பார்க்கப் பழைய சோதனைகள் இன்றும் சரியாக வேலை செய்கின்றன. ஆரம்பத்தில் பூவும் பொடியும் நுரையோடு மேலே மிதக்கும். சாடியின் பக்கத்தில் காதை வைத்தால் சரசரவென்று ஓசை கேட்கும். மூடியை மெல்லத் திறந்து, எரியும் தீக்குச்சியைத் திரவத்துக்கு மேலே, சாடியின் கழுத்துக்குள் இறக்கினால் சட்டென்று அணைந்துவிடும். அங்கே கரியமில வாயு நிரம்பியிருக்கிறது. நாட்கள் போகப் போக ஓசை அடங்கும். பூ அடியில் படியும். அப்போது தீக்குச்சி அணையாமல் எரியும். இன்னும் உறுதி வேண்டுமானால் சாடியிலிருந்து ஒரு குழாயைத் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் விட்டுப் பார்க்கலாம். வாயு வந்துகொண்டிருந்தால் நீர் பால்போல் வெளுக்கும்.

பழைய நூல்கள் சாடியை நெல் குவியலிலோ மண்ணிலோ புதைக்கச் சொன்னது வெப்பம் ஏறி இறங்காமல் இருப்பதற்காக. கோலாலம்பூரில் அந்தக் கவலை குறைவு. வீட்டுக்குள் ஆண்டு முழுதும் 28 முதல் 31 டிகிரிக்குள்தான் நிற்கிறது, ஈஸ்டுக்குப் பிடித்த சூடு. ஆனால் அடுக்குமாடியில் மேற்கு வெயில் விழும் பால்கனியில் வைத்தால் கதை வேறு. 35 டிகிரி தாண்டியதும் ஈஸ்ட் திணறி, காரமான வாடையுள்ள பொருள்களைச் சுரக்கத் தொடங்கும்.

கெட்டுப்போகும் வழிகள் இன்னும் சில. கஷாயம் சூடாக இருக்கும்போதே பூவைப் போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே இறங்க வேண்டும். கிராம்பு, பட்டை, ஜாதிக்காயை அளவுக்கு மேல் போட்டால் அவற்றின் எண்ணெய் ஈஸ்டை அடக்கிவிடும். வெல்லம் குறைந்து காற்றும் புகுந்தால் மதுசாரம் புளிக்காடி (வினிகர்) ஆகிவிடும். வெல்லம் அதிகமானால் நொதிப்பே தொடங்காது, தொடங்கினாலும் பாதியில் நின்றுவிடும். ஜீரகாரிஷ்டத்தில் ஒரு துரோணக் கஷாயத்துக்கு மூன்று துலாம் வெல்லம் வருகிறது, அதாவது 12.3 லிட்டருக்கு 14.4 கிலோ. அத்தனையையும் ஒரேயடியாகக் கொட்டினால் பாகு ஈஸ்டின் உடலிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஒரு பங்கைப் போட்டு, நுரை கிளம்பிய பிறகு மீதியைத் தவணையாகச் சேர்ப்பார்கள்.

நொதிப்பதால் மூலிகைக்கு என்ன லாபம்

குடலைப் பற்றிய கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணம் செபுலாஜிக், செபுலினிக் அமிலம் போன்ற பெரிய டானின் மூலக்கூறுகள். இவை புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வெறும் கடுக்காய்க் கஷாயம் நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. பெரிய உருவில் இருப்பதால் குடல் சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலப்பது கடினம். அபயாரிஷ்டத்தை ஆய்வகத்தில் சோதித்தபோது, நொதிப்பின் போக்கில் இந்தப் பெரிய டானின்கள் குறைந்து, செபுலிக் அமிலம், எலாஜிக் அமிலம் போன்ற சிறிய துண்டுகள் கூடியிருப்பது தெரிந்தது. குடலுக்குள் நடக்க வேண்டிய உடைப்பில் ஒரு பகுதி சாடியிலேயே முடிந்துவிடுகிறது.

எலாஜிக் அமிலம் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள கிருமிகள் அதை யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றுகின்றன. அழற்சியைத் தணிப்பதாக ஆய்வாளர்கள் ஆர்வத்தோடு பார்ப்பது இந்த யூரோலித்தினைத்தான். ஆனால் இந்த மாற்றத்தைச் செய்யும் கிருமிகள் எல்லார் குடலிலும் இருப்பதில்லை. ஒரே புட்டி, ஒரே அளவு, அண்ணனுக்குக் கேட்கிறது, தம்பிக்குக் கேட்கவில்லை என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மதுசாரத்துக்கு இன்னொரு வேலை உண்டு. தண்ணீரில் கரையாத சில சத்துகள் மதுசாரம் கலந்த நீரில் கரையும். ஒரு மாதம் பொறுமையாக ஊறும்போது ஒரு மணி நேரக் கொதிப்பில் இறங்காதவை இறங்குகின்றன. கஷாயம் மறுநாளே ஊசிப்போகும். அரிஷ்டம் ஆண்டுக்கணக்கில் கெடாது. மதுசாரமும் அமிலமும் சேர்ந்து வேறெதையும் வளரவிடுவதில்லை. தமக்கே தீங்கான அந்தச் சூழலில் ஈஸ்டும் மடிந்து அடியில் படிகிறது; பிறகு வடிகட்டிவிடுகிறார்கள்.

ஆகவே அரிஷ்டம் புரோபயாட்டிக் இல்லை. உணவு, வேளாண் நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் 2001இல் வகுத்த விளக்கத்தின்படி புரோபயாட்டிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர், அதுவும் போதுமான அளவில். புட்டியில் "புரோபயாட்டிக்" என்று ஒட்டி விற்கும் அரிஷ்டத்தைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். மூலிகையைப் பதப்படுத்திச் செரிமானத்துக்கு ஏற்றதாக்கும் நல்ல தொழில்நுட்பம் என்பதே அரிஷ்டத்துக்குப் போதுமான பெருமை. எலிகளிடமும் ஆய்வுக்கூடக் குடுவைகளிலும் நடந்த சோதனைகளோடு ஒப்பிட்டால், மனிதரிடம் முறையாக நடந்த சோதனைகள் மிகக் குறைவு. நூற்றாண்டுப் பழக்கம் ஒரு சான்றுதான். எந்த நோயையும் தீர்க்கும் என்று சொல்ல அது போதாது.

புட்டியில் மிஞ்சும் சர்க்கரை

பொது விதிப்படி போட்ட அரிஷ்டத்தில் தொடக்கச் சர்க்கரை ஏறக்குறைய 35 விழுக்காடு. 8 விழுக்காடு மதுசாரம் உருவாகச் செலவாவது சுமார் 13. மிச்சம் 20 விழுக்காட்டுக்கு மேல். அதாவது 30 மில்லி குடித்தால் ஆறு கிராமுக்கு மேல் சர்க்கரை. இரண்டு வேளைக்குப் பன்னிரண்டு கிராம், ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி. தே தாரிக்கில் சீனியைக் குறைத்துவிட்டுப் பெருமைப்படுகிறவர் மருந்துப் புட்டி வழியாக அதைத் திரும்பக் குடித்துவிடுகிறார். 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்கிறது. இந்தியர்களிடம் அது மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதை இந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இந்தக் கணக்கு நமக்காகவே போட வேண்டிய கணக்கு.

மதுசாரம் எவ்வளவு? 8 விழுக்காட்டு அரிஷ்டம் 30 மில்லியில் சுமார் 1.9 கிராம். பெரியவருக்கு அது பெரிய அளவில்லை. கல்லீரல் நோயாளி, கர்ப்பிணி, மதுவை விட்டவர், மதுவை நிறுத்துவதற்காக டைசல்ஃபிராம் எடுப்பவர் ஆகியோருக்கு அந்த அளவும் வேண்டாம். குடல் தொற்றுக்கு மருத்துவர் மெட்ரோனிடஸோல் எழுதித்தந்திருந்தால், அதன் காகிதத்திலேயே மதுசாரம் தவிர்க்கச் சொல்லியிருக்கும். வயிற்றுக்கென்று இரண்டையும் சேர்த்துக் குடிப்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது. தேன் சேர்ந்த எதையும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. கோரைக்கிழங்கில் செய்யும், மதுசாரம் உள்ள முஸ்தாரிஷ்டத்தைக் கைக்குழந்தைக்குப் புகட்டும் பழைய பழக்கத்தை விட்டுவிடுவதே சரி.

என்சைம் போத்தல்

பினாங்கில் குப்பை என்சைம் என்ற சொல் பலருக்குத் தெரியும். தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறை அது: பழுப்புச் சர்க்கரை ஒரு பங்கு, பழத்தோலும் காய்கறிக் கழிவும் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். தரை துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் சொல்லப்பட்டது. அந்த விகிதம் நினைவில் நின்றுவிட்டதால், அன்னாசியோ நோனியோ போட்டு அதேபோல் செய்து குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சர்க்கரை பத்து விழுக்காட்டுக்கும் குறைவு, தண்ணீர் ஏராளம், தோலில் மண்ணும் பூச்சிமருந்தும், அடிக்கடி திறக்கும் மூடி. இதில் யார் ஜெயிப்பார்கள் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் முதலில் மதுசாரம், பிறகு காற்றுப் பட்டுப் புளிக்காடி. நல்ல காடியானால் தரைக்கு அருமை. என்சைம் என்ற பெயரும் ஏமாற்றுகிறது: என்சைம் ஒரு புரதம், இரைப்பையின் அமிலத்தில் அதில் பெரும்பகுதி சிதைந்து செரித்துவிடும். அன்னாசியின் புரோமிலைன் வேண்டுமென்றால் புதிதாக அறுத்த அன்னாசியில் அது கூடுதலாகவே இருக்கிறது.

மேற்பரப்பை எப்படிப் படிப்பது என்பதைச் சொல்லியாக வேண்டும். தட்டையான, சுருக்கம் விழுந்த, உலர்ந்த வெள்ளை ஆடை தெரிந்தால் அது காட்டு ஈஸ்ட். கொல்லாது, சுவையைக் கெடுக்கும். பஞ்சுபோல் உயர்ந்து நிற்கும் பூ, அதிலும் பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்புப் புள்ளி இருந்தால் பூஞ்சை. மேலே மட்டும்தானே என்று வழித்தெறிந்துவிட்டுக் குடிக்கக் கூடாது. வேர் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும். பூஞ்சை நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது. முழுச் சாடியையும் கொட்டிவிடுங்கள்.

நோனிக்குத் தனியாக ஒரு வரி. அதன் சாற்றில் லிட்டருக்கு இரண்டு கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருப்பது 2000ஆம் ஆண்டு வெளியான மருத்துவ அறிக்கை ஒன்றில் பதிவானது. சிறுநீரகக் கோளாறுள்ள ஒருவருக்கு இரத்தப் பொட்டாசியம் ஏறியபோது காரணம் தேடிப் போய் அளந்தது அது. டயாலிசிஸ் செய்கிறவர், பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர் தொடவே கூடாது.

புட்டியை வாங்கும்போது

மலேசியாவில் விற்கும் பாரம்பரிய மருந்து எதுவாக இருந்தாலும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். லேபிளில் "MAL" என்று தொடங்கி, எட்டு இலக்கமும், கடைசியில் பாரம்பரிய மருந்துக்கான "T" எழுத்தும் இருக்கும். ஹாலோகிராம் முத்திரையும் வேண்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தேடலில் எண்ணைத் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். வேறு பெயர் வந்தாலோ ஒன்றும் வராவிட்டாலோ வைத்துவிட்டு வரலாம். ஊரிலிருந்து சூட்கேஸில் வந்த புட்டிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. குடித்த இரண்டாம் நாளே மூட்டுவலி, பசியின்மை, சோர்வு எல்லாம் ஒன்றாகப் பறந்துவிட்டால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

புட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடியில் மெல்லிய படிவு இருப்பது இயல்பு. மூடியைத் திறக்கும்போது சோடாபோல் சீறினால் நொதிப்பு முடியாமல் அடைத்திருக்கிறார்கள். காடி நெடி மூக்கில் ஏறினால் அது அரிஷ்டமாக இல்லை. வழக்கமான அளவு 15 முதல் 30 மில்லி, அதே அளவு தண்ணீர் கலந்து, சாப்பிட்ட பிறகு. நீர் கலக்காமல் வெறும் வயிற்றில் குடித்து நெஞ்சு எரிகிறது என்பவர்களில் பலருக்குக் குடித்த முறைதான் தவறு. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, சில வாரங்களாக மாறிப்போன மலப்போக்கு இருந்தால் எந்தப் புட்டியும் வேண்டாம். அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். 50 வயது கடந்தவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் சோதனை அங்கேயே உண்டு.

உயிருள்ள கிருமி வேண்டுமென்றால்

2021இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆரோக்கியமான 36 பெரியவர்களை இரண்டு பிரிவாக்கி, பத்து வாரம் ஒரு பிரிவுக்கு நார்ச்சத்தும் மற்றதற்குத் தயிர், கெஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா போன்ற புளித்த உணவும் கூட்டிக் கொடுத்தது. புளித்த உணவு உண்டவர்களின் குடலில் கிருமி வகைகள் பெருகின; இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பல புரதங்கள் குறைந்தன. அவர்கள் உண்டது நாளுக்கு ஏறக்குறைய ஆறு பங்கு. ஒரு மூடி மருந்தின் அளவில்லை, ஒரு சாப்பாட்டின் அளவு. தயிரில் கிராமுக்குக் குறைந்தது ஒரு கோடி உயிருள்ள கிருமி இருக்க வேண்டும் என்பது சர்வதேச உணவுத் தரம்.

நம் மருத்துவ நூலிலும் இந்த வழிக்கு ஒரு வாசல் இருக்கிறது. சரகர் கிரகணிக்கு, அதாவது செரிமானம் கெட்டு அடிக்கடி பேதியாகும் குடல் நோய்க்கு, சொன்ன தக்ராரிஷ்டம் மோரில் செய்வது. ஓமம், நெல்லிக்காய், கடுக்காய், மிளகு மும்மூன்று பலம், ஐந்து உப்பும் ஒவ்வொரு பலம், மோர் ஒரு கம்சம், அதாவது மூன்று லிட்டருக்குச் சற்று மேல். உப்பு மட்டும் 240 கிராம் ஆகிறது. அத்தனை உப்பிலும் புளிப்பிலும் பெரும்பாலான கெட்ட கிருமிகள் நிற்காது. உப்பைத் தாங்கும் லாக்டிக் கிருமிகளே பெரும்பாலும் மிஞ்சும். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துக்கு அது அறிவு. இன்று 30 மில்லியில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு என்றால், நாளுக்கு ஐந்து கிராம் என்ற உலகச் சுகாதார நிறுவன வரம்பில் பாதிக்கு அருகே ஒரே மடக்கில் போய்விடும். இரத்த அழுத்தக்காரர்களுக்கு அதை அப்படியே பரிந்துரைக்க முடியாது.

உப்பைக் குறைத்தால் ஃபிரிட்ஜும் கடிகாரமும் அதன் வேலையைச் செய்ய வேண்டும். ஒரு லிட்டருக்கு இப்படிப் போடலாம். இனிப்பில்லாத, உயிருள்ள கிருமி என்று லேபிளில் போட்ட தயிர் 250 கிராம். சூடுபடுத்தி அடைத்த, அலமாரியில் ஃபிரிட்ஜ் இல்லாமல் நிற்கும் தயிர்ப் பானம் உதவாது. கொதித்து ஆறிய தண்ணீர் 750 மில்லி. ஓமம் 3 கிராம், சுக்கு 3 கிராம், மிளகு 2 கிராம், கல்லுப்பு 8 கிராம். ஓமத்தையும் மிளகையும் வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். பச்சை மசாலாவில் பூஞ்சை வித்தும் மண் கிருமியும் ஒட்டியிருக்கும், வறுத்தால் பெருமளவு குறையும். பித்தளை, அலுமினியம் வேண்டாம், அமிலம் உலோகத்தை அரித்துவிடும். வெந்நீரில் கழுவிய கண்ணாடி சாடியில் முக்கால் பங்கு நிரப்பி, மூடியைத் தளர்வாக வைத்து, வெயில் படாத சமையலறை மூலையில் 12 மணி நேரம். நம் ஊர்ச் சூட்டில் 18 மணியைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் ஈஸ்ட் தலைதூக்கி ரொட்டி மாவு வாடை வரும். பிஎச் காட்டும் காகிதம் இருந்தால் தொட்டுப் பாருங்கள், 4.5க்குக் கீழே இருக்க வேண்டும்.

பழைய சோற்று நீராகாரமும் இந்த இனமே. அதில் தவறு நடக்கும் இடம் புளிப்பதற்கு முன்னால். மதியம் வடித்த சோற்றை இரவுவரை மேசையில் மூடிவைத்துவிட்டு அதன்பிறகு தண்ணீர் ஊற்றுகிறார்கள். வேகவைத்தாலும் சாகாத பேசில்லஸ் செரியஸ் வித்துகள் அந்த இடைவெளியில் முளைத்து, கொதித்தாலும் அழியாத நச்சை விடும், மறுநாள் வாந்தி. சோறு ஆறிய உடனே, அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள், மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, ஒரு கரண்டி மோர் விட்டுவிட்டால் லாக்டிக் கிருமி முந்திக்கொள்ளும். பத்து மணி நேரம் போதும். வல்லாரை, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் எல்லாம் குடிக்கும்போது நறுக்கிப் போடுவதற்கு, ஊறவைப்பதற்கு இல்லை.

மூலிகை மோருக்கு முதல் மூன்று நாள் 100 மில்லி போதும். பழக்கமில்லாத வயிறு வாயு பிடித்து ஊதும், பிறகு அடங்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் பெரும்பாலும் புளித்த மோரைத் தாங்குவார்கள், லாக்டோஸில் ஒரு பகுதியைக் கிருமி தின்றுவிட்டிருக்கும். புற்றுநோய் மருந்தோ உறுப்பு மாற்றத்துக்குப் பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தோ எடுப்பவர்கள் உயிருள்ள கிருமி கொண்ட எதையும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. சாடியை ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் நன்றாக இருக்கும். நான்காம் நாள் மிஞ்சியதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பு வேரைக் கருக்கிவிடும். மோர்க்குழம்புக்கு அது அருமையான புளிப்பு.